ஆம்பளைங்க வியாதி

மாத்திரை ஆரம்பித்த மூன்றாவது வாரம், என் கணவர் ஃபிரிட்ஜைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் தேடவில்லை என்றார். முகம் குப்பென்று சிவந்திருந்தது, பின்கழுத்தில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. வெளியே நல்ல மழை. நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயப் பட்டறையில் அவருக்குச் சைரன் என்று பெயர். முப்பத்தொரு வருடம் சாயத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், மோட்டார் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தியே பேசிப் பழகிய ஆள். வீட்டில் உப்பு கேட்டால் பக்கத்து வீட்டிலிருந்து வந்துவிடும். அப்படிப்பட்டவர் பத்து நாளாக வாய் திறக்காமல், அறைக்கு அறை நடந்துகொண்டிருந்தார். உட்கார்ந்தால் எழுந்திருப்பார், எழுந்தால் சட்டையைக் கழற்றுவார், கழற்றினால் குளிர்கிறது என்பார். ஒரு நாள் முட்டை கருகிப்போனதற்குக் கண் கலங்கினார். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும், வெங்காயம் என்றார். வீட்டில் அன்றைக்கு யாரும் வெங்காயம் நறுக்கவில்லை.

இதெல்லாம் ஆரம்பித்தது அதற்கு முந்தைய வருடம். ஒரு திங்கட்கிழமை பட்டறைக் கழிப்பறையிலிருந்து வெளியே வந்தவர், நேராக மேனேஜர் அறைக்குப் போய், “சார், எனக்கு ரத்தமா போகுது” என்று சொல்லியிருக்கிறார். அது இரண்டு மாடிக்கும் கேட்டிருக்கிறது. அன்று மதியமே கம்பெனி டாக்டர் பார்த்தார். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் யூராலஜி டாக்டர். அடுத்த செவ்வாய்க்கிழமை மெல்லிய குழாயில் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டார்கள். மூத்திரப்பையின் உள்சுவரில் பட்டாணி அளவுக்கு ஒரு புற்றுக்கட்டி. ரத்தத்தைப் பார்த்த நாளிலிருந்து கட்டியைப் பார்த்த நாள் வரை மொத்தம் எட்டு நாள். எல்லோருக்கும் அப்படித்தான் நடக்கும் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். பைக்குள் மருந்து செலுத்தினார்கள். ஆறு மாதத்தில் இன்னொன்று முளைத்தது, அதையும் எடுத்தார்கள். திரும்பத் திரும்ப முளைப்பதுதான் இந்த நோயின் குணம் என்றார் டாக்டர். முகம் கல்லூரிப் பையன் மாதிரி, தலை மட்டும் பாதி நரைத்த டாக்டர். அன்றைக்குத்தான் ஒரு மாத்திரை ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார்.

“இந்த வியாதி ஒரு பெண்ணுக்கு வந்தா, மூணு நாலு ஆண்களுக்கு வருது. சிகரெட்டு, பழைய சாயங்கள், இதனாலதான்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தோம். அதெல்லாம் காரணம்தான். ஆனா அதைக் கழிச்சிட்டுப் பார்த்தாலும் ஆண்கள்தான் அதிகம். அதனால ஆண் ஹார்மோன் மேல ஒரு சந்தேகம். மூத்திரப்பையில இருக்கிற செல்லுலயும் அது வந்து ஒட்டிக்க ஒரு இடம் இருக்கு. அங்க ஒட்டிக்கிட்டு, கட்டியை வளரு வளருன்னு உசுப்பி விடுதோன்னு பார்க்கறோம்.”

“அப்போ நான் ஆம்பளையா இருக்கறதே வியாதியா டாக்டர்?” என்றார் என் கணவர். வராந்தாவில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“அது கொஞ்சம். மிச்சம் நீங்க ஊதித் தள்ளின சிகரெட்டு,” என்று டாக்டர் சிரித்தார்.

அந்த ஹார்மோனை ஒட்டவிடாமல் தடுக்கும் மாத்திரை அது. வேறொரு நோய்க்கு ஏற்கெனவே கொடுப்பதுதான். இதற்கு உதவுமா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம் மட்டும், பாதிப் பேருக்குக் கூடவே மாத்திரை, யாருக்கு எது என்று குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். என் கணவருக்கு மாத்திரை விழுந்தது. ஒரு வருடம் சாப்பிட வேண்டும். உடம்பு சுடும், சோர்வாக இருக்கும், மார்பு வலிக்கலாம், மனசு ஒரு நிலையில் இருக்காது என்று தாளில் எழுதியிருந்தது. அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

அவர் ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்ற அந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் வந்தாள். அவள் என் கணவரைவிட ஆறு வயது இளையவள். அதே பட்டறையில் மேல்மாடியில், நிறம் பார்க்கும் அறையில் வேலை. துணி வாங்குகிறவர்கள் அனுப்பிய மாதிரித் துண்டையும் தொட்டியிலிருந்து வந்த துணியையும் விளக்குப்பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிறம் ஒன்றுதானா என்று சொல்ல வேண்டும். அவள் இல்லை என்று தலையை ஆட்டினால் இரண்டு டன் துணி கீழே திரும்பிப் போகும். எல்லோருக்கும் அவள் கலர் அக்கா. அண்ணனுக்கும் தங்கைக்கும் இருபது வருடமாக முட்டிக்கொண்டிருந்தது இதனால்தான். இவர் போட்ட சாயத்தை அவள் திருப்பி அனுப்புவாள். இவர் கீழேயிருந்து கத்துவார். அவள் ஜன்னலைச் சாத்திக்கொள்வாள்.

அவளுக்கு முப்பத்தொன்பது வயதில் கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். பத்து வருடம் கழித்து மெல்ல மெல்ல வர வேண்டிய மாற்றம் ஒரே வாரத்தில் வந்து இறங்கியது. அந்த வருடம் முழுக்க ஜன்னல் ஜன்னலாகத் திறந்துகொண்டு நடந்தாள். அப்போது என் கணவர், “என்னடி, உள்ள பாய்லர் மாட்டியிருக்கியா?” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரித்தார். அவள் அதை மறக்கவில்லை.

அன்றைக்கு வாசலில் நின்றபடியே அண்ணனைப் பார்த்தாள். பனியனோடு, நெஞ்சில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு, ஃபேனுக்கு நேர் கீழே நின்றிருந்தார். ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “பாய்லர் நல்லா எரியுதா அண்ணா?”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்: “உனக்கும் இப்படித்தான் இருந்துச்சா?”

“இதைவிட மோசம்.”

“எவ்வளவு நாளு?”

“நாலு வருஷம்.”

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். துண்டை நெஞ்சில் போடாதே, பின்கழுத்தில் போடு, டீயை நிறுத்து, பருத்தித் துணி மட்டும் கட்டு, அழுகை வந்தால் அழுதுவிடு, அடக்கினால் இன்னும் சூடு ஏறும் என்று வரிசையாகச் சொன்னாள். என் கணவர் வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் பேசி முடிக்கும்வரை கேட்டார்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் நடக்கப் போனார்கள். பட்டறைச் சுவரை ஒட்டி, பெட்ரோல் பங்க் தாண்டி, பஸ் டெப்போ வரை போய், அதே வழியாகத் திரும்புவார்கள். வீட்டுக்குள் இருக்க இருவராலுமே முடியவில்லை. பெட்ரோல் பங்க் வந்ததும் அவள் கழிப்பறைக்குப் போய்விடுகிறாள் என்று அவர் ஒரு நாள் சொன்னார். “போறப்ப ஒரு தடவை, வரப்ப ஒரு தடவை. என்னை மிஞ்சிட்டா,” என்று சிரித்தார்.

நான் துணி ஆல்ட்டர் செய்கிறவள். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது, விடுவது. எங்கள் முன்னறைதான் கடை. ஒரு சனிக்கிழமை காலையில், அவர் இல்லாத நேரம் பார்த்து, நாத்தனார் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் இரண்டு பேன்ட்டுகளோடு வந்தாள். போட்டுக் காட்டச் சொன்னேன். இடுப்பில் என் கை முழுசாக நுழைந்தது.

“ரெண்டு இஞ்ச் இறங்கியிருக்கே. சாப்பிடறியா இல்லையா?”

“பசிக்கல அண்ணி.”

நான் குண்டூசி குத்திக்கொண்டே இருந்தேன். அவள் கண்ணாடியில் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “அஞ்சு மாசமா சிவப்பா போகுது.”

என் கையில் இருந்த ஊசி அவள் இடுப்பில் பட்டுவிட்டது. அவள் அசையவில்லை.

தெருமுனை கிளினிக் டாக்டரம்மாவிடம் முதல் வாரமே போயிருக்கிறாள். நல்ல டாக்டர், எங்கள் எல்லோருக்கும் அவர்தான். மூத்திரத்தில் கிருமி என்று மாத்திரை கொடுத்திருக்கிறார். பரிசோதனையில் கிருமி எதுவும் வளரவில்லை. இருந்தாலும் இன்னொரு மாத்திரை. அதற்குப் பிறகு வேறொன்று. மூன்றும் முடிந்தபின், மாதவிலக்கு நின்றவர்களுக்கு உள்தோல் மெலிந்துபோகும், அதனால் லேசாகக் கசியும் என்று ஒரு களிம்பு.

“இவருக்கு வந்த மாதிரி இருந்தா?” என்றேன்.

“அது ஆம்பளைங்க வியாதி அண்ணி. அண்ணன்தானே வந்து சொன்னான், ஆம்பளை ஹார்மோன்தான் கட்டியை வளர்க்குதுன்னு. எங்கிட்ட எந்த ஹார்மோனும் கிடையாது. எல்லாத்தையும் வழிச்சு எடுத்தாச்சு.” சிரிக்கப் பார்த்தாள். “அவன்கிட்ட சொல்லிடாதீங்க. அவனே மாத்திரையோட மல்லுக்கட்டிட்டு இருக்கான். அதுவும் இல்லாம, அவன்கிட்ட சொன்னா பட்டறைக்கே தெரிஞ்சிடும். சத்தியம் பண்ணுங்க.”

சத்தியம் செய்தேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் என்னென்ன தைத்தேன் என்று எனக்கே தெரியாது. ஒருத்தர் பேன்ட்டின் ஒரு காலை மட்டும் குறைத்துக் கொடுத்தேன். விரலில் ஊசி குத்தாத நாள் இல்லை. அவள் களிம்பு உதவுகிறது என்றாள், அப்படியா என்றேன். அவர்கள் நடக்கக் கிளம்பும்போது வாசலில் நின்று அவள் நடையைப் பார்ப்பேன். இரண்டு தடவை அவரிடம் வாய் திறந்தேன், இரண்டு தடவையும் மழை வருமா என்று கேட்டு முடித்தேன்.

மாதாமாதம் ஆராய்ச்சிக்காக ரத்தம் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த மாதம் நானும் கூடப் போனேன். டாக்டர் இவருடைய தாள்களில் எழுதிக்கொண்டிருந்தார். நான் சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்: “இது பொம்பளைங்களுக்கு வரவே வராதா டாக்டர்?”

“வரும். குறைவா வரும்.”

“சினைப்பையெல்லாம் எடுத்துட்டவங்களுக்கு?”

பேனா நின்றது. “யாருக்கு?”

“தெரிஞ்சவங்க.”

டாக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். “பெண் ஹார்மோன் கொஞ்சம் பாதுகாப்பா இருக்கலாம்னு சில ஆராய்ச்சி சொல்லுது. சீக்கிரமே அது நின்னுபோனவங்களுக்கு அந்தப் பாதுகாப்பும் சீக்கிரமே போயிடலாம். இதுவும் முடிவா தெரியாது. ஆனா ஒண்ணு நல்லாவே தெரியும். பெண்களுக்குக் குறைவா வருது, ஆனா எங்ககிட்ட வரும்போது ரொம்ப முத்திப்போய் வர்றாங்க. கிருமி, களிம்புன்னு மாசக்கணக்கா போயிடும். உங்களுக்குத் தெரிஞ்சவங்களுக்கு ரத்தம் போகுதா?”

“அஞ்சு மாசமா. இப்போ ஆறாவது.”

“கிருமி இருந்துச்சா?”

“இல்ல.”

“என்ன வேலை செய்யறாங்க?”

நான் திரும்பினேன். பக்கத்தில் என் கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. நான் காத்திருந்த சத்தம் வரவில்லை. எழுந்து, பாதி மாட்டிய சட்டைக் கையோடு வராந்தாவுக்குப் போய்விட்டார். டாக்டர் ஒரு தாளில் ஏதோ எழுதி என் கையில் கொடுத்தார். “வெள்ளிக்கிழமை காலையில கூட்டிட்டு வாங்க. நான் இடம் போட்டு வைக்கறேன்.”

பஸ்ஸில் அவர் உட்காரவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு நிறுத்தம் தாண்டியபின் கேட்டார்: “உனக்கு எப்போ தெரியும்?”

“மூணு வாரம்.”

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நேராகப் பட்டறைக்குப் போனோம். வாசலில் அவரை யாரும் தடுக்கவில்லை. மேல்மாடியில் நிறம் பார்க்கும் அறைக்குச் சுவர், தரை, மேஜை எல்லாம் சாம்பல் நிறம், வேறு எந்த நிறமும் கண்ணைக் குழப்பக்கூடாது என்று. நாத்தனார் விளக்குப்பெட்டிக்குள் கையை விட்டு ஒரு நீலத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. அவளுடைய பார்வை அவரைத் தாண்டி என்னிடம் வந்து நின்றது.

“சொல்லிட்டீங்களா?”

“வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறோம்,” என்றார் அவர். சாதாரணமான குரலில்.

“வெள்ளிக்கிழமை பெரிய லாட் துணி போகுது. நான் இல்லாம எப்படி? அதுவும் இது வெறும் கசிவு. லேசா, பிங்க்கா...”

“எந்த பிங்க்கு?”

“என்னது?”

“சிவப்பு கார்டை எடு. எந்த நிறம்னு காட்டு.”

அவள் சிரித்துத் தட்டிக்கழிக்கப் பார்த்தாள். அவர் நகரவில்லை. கடைசியில் அலமாரியிலிருந்து அந்த நீள அட்டையை எடுத்தாள். வெளிர் ரோஜாவிலிருந்து அடர்ந்த கருஞ்சிவப்பு வரை சின்னச் சின்னத் துணிச் சதுரங்கள் ஒட்டியது. எடுத்தவள் தேடவில்லை. விரல் தானாகப் போய் ஒரு சதுரத்தில் நின்றது. “முதல் மாசம் இது.” இரண்டு சதுரம் தள்ளி, “மூணாவது மாசம்.” அப்புறம் ஆறேழு சதுரங்களைத் தாண்டிக் கீழே போய் நின்றது. அந்த நிறத்துக்கு நான் என்ன பெயர் சொல்வது? பிங்க் இல்லை. “இது நேத்து.”

அவளுடைய கண் பொய் சொல்லாது. அது அவளுக்கும் தெரியும். அட்டையை மேஜையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் போய் அவள் தோளைப் பிடித்தார். இரண்டு பேரும் அழுதார்கள். கீழேயிருந்து யாரோ, “அக்கா, அந்த நீலம் ஓகேவா?” என்று கத்தினார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, துணியைத் திரும்ப ஒருமுறை பார்த்து, “ஓகே, விடு,” என்றாள்.

வெள்ளிக்கிழமை கேமரா விட்டுப் பார்த்தார்கள். கட்டி பெரிய நெல்லிக்காய் அளவு இருந்தது. சுரண்டி எடுத்துச் சோதித்ததில், அது பையின் தசைக்குள் வேர் விட்டுவிட்டது என்று வந்தது. அண்ணனுக்குச் சுரண்டி எடுத்ததோடு போனது; தங்கைக்கு மூத்திரப்பையையே எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். முதலில் மூன்று மாதம் கீமோ, அப்புறம் ஆபரேஷன், அதற்குப் பிறகு வயிற்றின் பக்கவாட்டில் ஒட்டிய பையில்தான் மூத்திரம் வரும், ஆயுசுக்கும்.

நான் டாக்டரைத் தனியாகப் பிடித்தேன். “மூணு வாரம் முன்னாடியே சொல்லியிருந்தா?”

“மூணு வாரத்துல பெரிசா மாறியிருக்காது. அஞ்சு மாசம்னா மாறியிருக்கலாம்,” என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு மனசு பாதிதான் ஆறியது.

என் கணவர் மாத்திரையை நிறுத்தப் போவதாகச் சொன்னார். தனக்கு மட்டும் எட்டே நாளில் எல்லாம் நடந்தது, தங்கைக்கு யாரும் பார்க்கவில்லை, தனக்கு மட்டும் எதற்கு ஆராய்ச்சி என்று ஒரே பிடிவாதம். கீமோ ஏறிக்கொண்டிருந்த கட்டிலிலிருந்து அவள்தான் அதட்டினாள்: “நீ நிறுத்தினா எனக்கு சரியாயிடுமா? ஒழுங்கா முழுங்கு. இன்னும் பத்து பேருக்காவது உபயோகமான்னு தெரியட்டும்.” அன்றைய மாத்திரையை அவள் கண் முன்னாலேயே முழுங்கினார்.

அவர் டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போய்ச் சத்தம் போடவும் கிளம்பினார். அதையும் அவள் விடவில்லை. ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் கழித்து, தானே நடந்து போனாள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன், கதவு முழுசாகச் சாத்தவில்லை. அவள் குரல் உயரவேயில்லை. என்ன நடந்தது என்று தேதி தேதியாகச் சொன்னாள். டாக்டரம்மா பழைய சீட்டுகளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “எனக்குத் தோணவே இல்லம்மா. ஆம்பளையா இருந்திருந்தா அன்னைக்கே அனுப்பியிருப்பேன்,” என்றார்.

“அடுத்து வர்றவளை அனுப்புங்க,” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

என்னோடு மட்டும் அவள் பழைய மாதிரி இல்லை. வந்தால் பேசுவாள், கொடுத்தால் சாப்பிடுவாள். தானாக ஒரு போன் கிடையாது. கீமோ நடந்த நாட்களில் ஒருமுறை, என் மேல் கோபமா என்று நானே கேட்டுவிட்டேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“சொல்லாதீங்கன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். நீங்க சொல்லிட்டீங்கன்னு கோவம். ஏன் அன்னைக்கே சொல்லலைன்னும் கோவம். ரெண்டும் சேர்ந்து இருக்க முடியாதுன்னு எனக்கே தெரியுது. ஆனா இருக்கு அண்ணி. கொஞ்ச நாள் விடுங்க.”

விட்டேன். ஆனால் மனசு விடவில்லை. வேலைக்கு நடுவில் எழுந்து வாசலுக்கு வருவேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் உள்ளே போவேன்.

என் கணவரின் ஒரு வருடம் முடிந்தது. கடைசி மாத்திரை விழுங்கி ஆறு வாரத்தில் சூடு குறைந்தது, குரல் திரும்பியது. நடுவில் நான்கு தடவை கேமரா விட்டுப் பார்த்ததில் புதிதாக ஒன்றும் முளைத்திருக்கவில்லை. மாத்திரையாலா என்று கேட்டதற்கு, “உங்க ஒருத்தரை வச்சு சொல்ல முடியாது. எல்லாரோடதும் முடியட்டும்,” என்றார் டாக்டர். நாத்தனார் பட்டறைக்குத் திரும்பினாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். ஒவ்வொரு ஸ்கேனுக்கு முந்தின வாரமும் அண்ணனும் தங்கையும் ஒன்றுமில்லாததற்கெல்லாம் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

மூன்றாவது ஸ்கேனும் சுத்தமாக வந்ததாக அவர்தான் எனக்குச் சொன்னார். அதற்கு மறுநாள் காலை பதினொரு மணி இருக்கும். யாரோ ஒருவருடைய கோட்டுக்கு லைனிங் பிரித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அவள் பெயர். கத்தரியைக் கீழே போட்டுவிட்டு எடுத்தேன்.

“அண்ணி, என்ன பண்றீங்க?”

“சும்மாதான் இருக்கேன்.”

“பொய் சொல்லாதீங்க. எனக்குச் செருப்பு வாங்கணும். தனியா போனா அந்தக் கடைக்காரன் என்னத்தையாவது தலையில கட்டிடுவான். வர்றீங்களா?”

“இப்பவா?”

“இப்பதான். பஸ் ஸ்டாப்புல நிக்கறேன்.”

கோட்டை அப்படியே மேஜையில் விட்டுவிட்டு, கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் சந்தேகம் வந்து திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு ஓடினேன். அவள் நிறுத்தத்தில் உட்காராமல், முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், “எவ்வளவு நேரம்? ஒரு பஸ் போயிடுச்சு,” என்று திட்டினாள்.